மூன்று அங்குல ஆறு காணவில்லை

அட்டைக் குழாயைப் பிரித்ததும் அளவு நாடாவைத் தேடினேன். பழக்க தோஷம். பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் வாய்க்கால்களுக்குக் குறுக்கு வெட்டும் நீள் வெட்டும் வரைந்தவள் நான். டிரேசராகச் சேர்ந்து முதுநிலை வரைதொழில் அலுவலராக ஓய்வு பெற்றேன். எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும், அதில் என்ன வரைந்திருக்கிறது என்று பார்க்கும் முன்பே நீள அகலத்தைப் பார்த்துவிடுவேன். அகலம் 36 அங்குலம், உயரம் 24. ஆர்டர் செய்தபடியே வந்திருந்தது. ஆனாலும் எங்கோ இடித்தது.

வாங்கியது கேன்வாஸ் துணியில் அச்சடித்த ஓர் ஓவியம். இணையத்தில் விற்கிற கடை. பெயர் இங்கே வேண்டாம். ‘ஆற்றங்கரையில் ஓய்வு, இம்ப்ரஷனிஸ்ட் பாணி’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். வரைந்தவர் யார், எந்த வருடம், எந்த ஆறு, ஒன்றும் கிடையாது. விலை 2,350 ரூபாய். ‘கையால் தீட்டியது போன்ற உணர்வு’ என்று கீழே ஒரு வரி. அந்த ‘போன்ற’ என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். டெண்டர் படிவங்களை எத்தனை வருடம் படித்தவள்!

கும்பகோணம் மேலக்காவேரியில் எங்கள் வீடு. காவிரிக்கு நடந்தால் ஆறு நிமிடம். ஆற்றை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆற்றுப் படம் எதற்கு என்று தங்கை கேட்டாள். வருடத்தில் பல மாதம் ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறதே, அந்த மாதங்களுக்கு என்றேன். பதிலைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

இது யாருடைய படம் என்பதைக் கண்டுபிடித்தது, எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் பெண். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறாள். குழாயிலிருந்து பாதி விரித்ததுமே, “பாட்டி, இது மோனே” என்றாள். குளோத் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர், 1869ஆம் வருடக் கோடையில் பாரிசுக்கு மேற்கே செய்ன் ஆற்றில் ‘லா க்ரெனுயேர்’ என்ற இடத்தில் வரைந்தது. பெயரைத் தமிழில் சொன்னால் தவளைக் குட்டை. நடுவில் ஒற்றை மரத்தோடு வட்டமான ஒரு குட்டித் தீவு, அதில் நகரத்து உடையில் நிற்கும் கூட்டம், அங்கிருந்து பலகைப் பாலம், வலப்புறம் கூரை போட்ட மிதக்கும் உணவு விடுதி, இடப்புறம் தூரத்தில் குளிக்கிறவர்கள், முன்னால் கட்டிப்போட்ட படகுகள். ரயிலேறி வந்து ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டுப் போகிற இடமாம். அந்த வருடம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூலப் படம் நியூயார்க்கில், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய தளத்தில் அளவு போட்டிருக்கிறார்கள்: 74.6 சென்டிமீட்டர் உயரம், 99.7 சென்டிமீட்டர் அகலம். படித்த மாத்திரத்தில் எங்கே இடித்தது என்று புரிந்துவிட்டது. ஏறக்குறைய மூன்றுக்கு நான்கு. 36 அங்குல அகலத்துக்கு 27 அங்குல உயரம் வரவேண்டும். எனக்கு வந்ததோ 24. மூன்று அங்குலம் எங்கே போயிற்று?

கைபேசியில் மூலத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஓரமாக ஒப்பிட்டேன். மேலே ஓர் அங்குல இலை, கீழே இரண்டு அங்குலத் தண்ணீர், அதோடு படகுகளின் முன்பக்கம். ஒன்பதில் ஒரு பங்கு படத்தை வெட்டி எறிந்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வாய்க்காலில் ஒன்பதில் ஒரு பங்கை விட்டுவிட்டு வரைந்து கையெழுத்துக்கு அனுப்பியிருந்தால் மெமோ வந்திருக்கும்.

வெட்டியது வெறும் ஓரம் என்று விட்டுவிட முடியவில்லை. இந்தப் படத்தில் நம்மைக் கூப்பிடுவதே அந்தப் படகுகள்தான். தீவில் நிற்பவர்களின் முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்பதை உடையின் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டும். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் தண்ணீர். நம் பக்கத்துக் கரையில் இருப்பது, யாராவது ஏறுவார்களா என்று ஆடிக்கொண்டிருக்கும் படகுகள் மட்டுமே. அவற்றின் அடிவயிற்றை அறுத்துவிட்டதும் கரை போய்விட்டது. படம் அந்தரத்தில் மிதக்கிறது.

அடுத்த குறை நிறம். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும்போது கை தவறி இரண்டு சொட்டு அதிகம் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படித் தண்ணீர் முழுக்க நீலம். தண்ணீர் என்றால் நீலம்தானே என்று கடையில் யாரோ நிறத்தை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மூலத்தில் அந்த ஆற்றில் கறுப்பு இருக்கிறது. கரும்பச்சை, பழுப்பு, மண் மஞ்சள், நடுநடுவே வெளிர் நீலம், வெள்ளை. ஆற்றில் கறுப்பா என்று முதலில் எனக்கும் சந்தேகம்தான்.

சந்தேகம் தீர, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குப் படித்துறைக்குப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, “என்ன அக்கா, எதையாவது தண்ணீரில் போட்டுவிட்டீர்களா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. நம் படித்துறைக்கு யாரும் சும்மா வருவதில்லை. குளிக்க வருவோம், துவைக்க வருவோம், அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய வருவோம். ஆடிப் பதினெட்டுக்குக் காதோலை கருகமணியும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு வருவோம். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து பேசுவதுகூட, பூசை முடிந்தது என்ற பெயரில்தான். ஒரு வேலையும் இல்லாமல், நல்ல உடை உடுத்திக்கொண்டு, நீரைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் எடுத்து வரும் பழக்கம் அந்தத் தவளைக் குட்டைக்காரர்களுக்கு இருந்திருக்கிறது. நான் அறுபத்து மூன்று வயதில் ஒருநாள் செய்து பார்த்தேன். என்ன தொலைந்தது என்று கேட்கிறார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். அக்கரை அரசமரத்தின் நிழல் விழுந்த இடத்தில் ஆறு கறுப்பாகத்தான் இருந்தது. அந்தக் கறுப்பின் மேல் வானம் துண்டு துண்டாக, படுக்கைக் கோடுகளாக மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வர வரக் கோடுகள் அகன்றன. தள்ளிப் போகப் போக நூலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நீலம் எங்கேயும் இல்லை. இந்த வருடம் முதல் தண்ணீர் வந்தபோது நுரையும் சருகுமாகச் செந்நிறத்தில் இருந்தது; அதற்கும் நீலத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது என் பழைய வரைபடங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு வாய்க்காலின் குறுக்கு வெட்டில் நாங்கள் தண்ணீரை எப்படிக் காட்டுவோம் தெரியுமா? ஒரு நேர்க்கோடு. அதன் மேல் ஒரு தலைகீழ் முக்கோணம். கோட்டுக்குக் கீழே, ஒன்றைவிட ஒன்று சின்னதாக மூன்று சிறு கோடுகள். பக்கத்தில் ‘எஃப்.எஸ்.எல்.’ (முழு நீர்மட்டம்) என்று எழுதி மட்டத்தைக் குறித்துவிட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அரசலாறு, வெண்ணாறு, குடமுருட்டி என்று எத்தனை ஆறுகளை அப்படி மூன்று கோட்டில் முடித்திருப்பேன்! இந்த மோனே அந்த மூன்று சிறு கோடுகளை எடுத்துப் படத்தின் பாதி முழுக்க இறைத்திருக்கிறார். முன்னால் இருப்பவை கட்டைவிரல் அகலம். குளிக்கிறவர்கள் பக்கம் போனால் மல்லிகை மொட்டுக் காம்பு அளவு. ஒரு கோடும் இன்னொன்றோடு குழையவில்லை. தனித்தனியாக வைத்திருக்கிறார், சேர்த்துப் பார்ப்பது நம் கண்ணின் வேலை. அச்சிலோ நிறத்தை ஏற்றியதில் கறுப்பும் கரும்பச்சையும் ஒரே நீலமாகி, கோடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. தண்ணீர் நின்றுவிட்டது.

இதையெல்லாம் கணக்கோடு எழுதி அந்தக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், எங்கள் ஃபிரேம் அளவுக்கு ஏற்றபடி சிஸ்டமே படத்தைப் பொருத்திக்கொள்ளும்” என்றார். பொருத்தவில்லை, அறுத்திருக்கிறது என்றேன். ஆர்டரின்பேரில் அச்சடித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். அடுத்த முறை வாங்கும்போது இருபது சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவதாகச் சொன்னார். கூப்பன் வந்தது. கூடவே, இதே ஓவியரின் அல்லிக் குளம் 24க்கு 36 அங்குலத்தில் கிடைக்கும் என்று ஒரு விளம்பரமும் வந்தது. அந்தக் குளத்தில் எத்தனை அங்குலத்தை அறுத்திருக்கிறார்களோ.

கவின் கலைக் கல்லூரிப் பெண்தான் வழி சொன்னாள். அந்த அருங்காட்சியகம், காப்புரிமைக் காலம் முடிந்த படங்களை 2017 முதல் பெரிய அளவிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. யாரும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், காசு கேட்கமாட்டார்கள். அவளே இறக்கிப் பென் டிரைவில் போட்டுத் தந்தாள். 2,350 ரூபாய்க்கு நான் வாங்கியது, சும்மா கிடைக்கிற படத்தில் மூன்று அங்குலத்தைக் குறைத்து, நீலத்தைச் சேர்த்தது.

தஞ்சாவூரில் ஒரு ஃபிளெக்ஸ் அச்சகத்தில் கேன்வாஸ் சுருளும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் ஒரு காதணி விழாவும் ஒரு கண்ணீர் அஞ்சலியும் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. என் முறை வந்தது. கணினியில் இருந்த தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“அம்மா, ஒன்றும் தெளிவாக இல்லையே. கூர்மையாக்கித் தரட்டுமா?”

“வேண்டாம் தம்பி. அவர் போட்டதே அப்படித்தான்.”

“யாரம்மா, சாரா?”

என் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நிறத்தைத் தேர்ந்தெடுக்கக்கூட வரமாட்டார். வேறு ஒருவர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

சதுர அடி 130 ரூபாய். படம் 36க்கு 27; சட்டத்தில் மடித்து அடிப்பதற்கு நான்கு பக்கமும் இரண்டு இரண்டு அங்குலம் வெள்ளையாக விடச் சொன்னேன். இதை மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படத்தையே மடிப்புக்குக் கொடுத்து, இன்னும் நாலங்குலத்தைப் பக்கவாட்டில் சுருட்டிவிடுவார்கள். மொத்தம் 40க்கு 31, எட்டரைச் சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம். 1,120 ரூபாய் வாங்கினார். நிறத்தைத் தொட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன், தொடவில்லை. கறுப்பு கறுப்பாகவே வந்தது. குறை என்று பார்த்தால், வலது ஓரத்தில் விடுதியின் கூரைக்கு மேல் மெல்லிய கிடைக்கோடு ஒன்று விழுந்திருக்கிறது, இயந்திரத்தின் தலை அடைத்ததால் வரும் கோடு. ஓரடி தூரத்தில் தெரியும். எனக்கும் இப்போது இடம் தெரிந்துவிட்டதால் அங்கேதான் கண் போகிறது. வெயிலில் எத்தனை வருடம் நிற்கும் என்பதற்கு அவர் வாக்குறுதி தரவில்லை. நானும் ஜன்னலுக்கு எதிரே மாட்டப்போவதில்லை.

சட்டம் போட்டது கும்பகோணத்தில், தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போட்டுப் பழகிய ஒருவர். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படம் வெளியே போவது, பொட்டு வைக்காமல் பெண்ணை அனுப்புவது மாதிரி. தங்க ரேக்குக்கும் கல்லுக்கும் கண்ணாடி வேண்டும்தான். இதற்கு வேண்டாம், விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் அடித்தால் தண்ணீர் தெரியாது என்று அரை மணி நேரம் வாதாடினேன். இறங்கி வந்தார். பிறகு படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, முடிக்காத படத்துக்கா இவ்வளவு செலவு செய்கிறீர்கள்?” என்றார்.

சிரித்துவிட்டேன். வரைந்தவருடைய அபிப்பிராயமும் அதுதான். அந்த செப்டம்பரில் மோனே தன் நண்பர் பசீலுக்கு எழுதிய கடிதத்தில், க்ரெனுயேரில் குளிக்கிற காட்சியைப் பெரிய படமாக வரைய வேண்டும் என்பது தன் கனவு, அதற்காகச் சில மோசமான அவசர வரைவுகள் போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் அது கனவுதான் என்கிறார். அப்போது அவர் கையில் காசில்லை. அந்தக் கோடையில் வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் இருந்திருக்கின்றன. இன்னொரு ஓவிய நண்பர் ரெனுவார் தன் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த ரெனுவாரும் பக்கத்திலேயே நின்று அதே தீவை வரைந்திருக்கிறார். அவருடைய படம் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. கைபேசியில் பார்த்தேன். அதில் பெண்களின் பாவாடை மடிப்பு தெரிகிறது, ஒரு கல்யாண வீட்டுக் கலகலப்பு இருக்கிறது. பசியோடு இருந்த மோனே மனிதர்களை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்திருக்கிறார். அடுத்த வருடம் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு அனுப்பிய படங்களை நடுவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இந்தப் பாணிக்கு இம்ப்ரஷனிசம் என்ற பெயரே 1874இல்தான், அதுவும் கேலியாக, வந்தது. கடிதம் வாங்கிய பசீல் அதைப் பார்க்கவில்லை. 1870 நவம்பரில், பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் செத்துப்போனார்.

இதையெல்லாம் சட்டக்காரரிடம் சொல்லவில்லை. பழைய தேக்கில் அரையங்குலச் சட்டம், படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்கடை இடைவெளி விட்டு, 950 ரூபாய்க்கு நேர்த்தியாகச் செய்து கொடுத்தார். மூலைகளைச் செங்கோண மட்டம் வைத்துப் பார்த்தேன். நான்கும் சரி. டெல்டாவில் வீட்டுச் சுவருக்கு ஓதம் ஏறாமல் இருக்காது. அதனால் பின்பக்கம் நான்கு மூலையிலும் சின்ன மரக்கட்டை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்படி மாட்டியிருக்கிறேன். கேன்வாஸ் வாங்கி ஈரச் சுவரில் ஒட்டினாற்போல் மாட்டுகிறவர்கள் முதல் ஐப்பசியிலேயே பூஞ்சையைப் பார்ப்பார்கள்.

மாட்டும் உயரம் பற்றிக் கேட்டால், உட்கார்ந்திருக்கும்போது கண் மட்டத்துக்குப் படத்தின் தண்ணீர் வரவேண்டும் என்பேன். கூடத்தில் என் நாற்காலியிலிருந்து எட்டடி. நான்கடியில் வெறும் கோடுகள்தான் தெரியும். பன்னிரண்டடிக்குப் போனால் சாதாரணக் காட்சிப் படமாகிவிடுகிறது. எட்டடியில் கோடுகள் கோடுகளாகவும் இருக்கின்றன, அசையவும் செய்கின்றன. மதியம் மூன்று மணி காப்பிக்கு அந்த நாற்காலியை இப்போது யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தங்கை வந்தால் அவளுக்கு ஊஞ்சல்.

மொத்தச் செலவு, பஸ் கட்டணம் நீங்கலாக, 2,070 ரூபாய். முதல் அச்சுக்குக் கொடுத்ததைவிட 280 குறைவு, அதுவும் சட்டத்தோடு. இதற்கு மேல் சட்டக்காரர் கைக்கு நூறு போட்டுக் கொடுத்தேன். ஃபிளெக்ஸ் அச்சகத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் போடுவேன். அந்தக் கிடைக்கோட்டுக்காக ஒன்று குறைத்தேன். இணையக் கடைக்கு அட்டைக் குழாய்க்காக மட்டும் ஒன்று. குழாய் உண்மையிலேயே நல்ல குழாய். பழைய டிரேசிங் தாள்களைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

அறுபட்ட நீலப் படத்தைச் சட்டக்காரரிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதற்கு ஒரு பழைய சட்டத்தைப் பொருத்தி, கண்ணாடியும் போட்டு, கடை வாசலில் மாட்டியிருக்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது சொன்னார்: வருகிறவர்களில் பாதிப் பேர் ஒகேனக்கலா என்று கேட்கிறார்களாம், அவரும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறாராம்.